குண்டு விழுந்த பிறகு தொடங்கும் கதை

ஜப்பானிய நகரங்களில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே கண்ணில் படும் ஆட்டக்கூடம், பச்சின்கோ கூடம். உள்ளே நிமிர்த்தி வைத்த பலகைகள், அவற்றின் மேல் கண்ணாடி, பலகை நிறையப் பித்தளை ஆணிகள். சைக்கிள் பால்ரஸைப் போன்ற 11 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகள் அந்த ஆணிகளில் முட்டி மோதி உருண்டு இறங்கும். அந்த ஓசையே பெயரானது. குண்டு ஒன்றுக்கு வாடகை வழக்கமாக 4 யென். கைப்பிடியைத் திருகிப் பிடித்தால் நிமிடத்துக்கு 100 குண்டுகள் வரை பாயும்.

பலகையின் நடுவே, சற்றுக் கீழே, ஒரு சிறு வாய் இருக்கிறது. ஆடுபவர்கள் அதை 'ஹெசோ' என்பார்கள். தொப்புள் என்று பொருள். குண்டு அதில் விழும் கணத்திலேயே உள்ளிருக்கும் சில்லு ஓர் எண்ணை எடுத்துவிடும். பெரிய பரிசு விழும் வாய்ப்பு பல பொறிகளில் ஏறக்குறைய 319-இல் 1. வெற்றியா தோல்வியா என்பது அங்கேயே முடிந்துவிடுகிறது. பலகையில் உள்ள திரையில் அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடக் காட்சி, தொடங்குவது அதற்குப் பிறகுதான். நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டிய இடம் இது.

'எவாஞ்சலியன்' என்ற அனிமேயை வைத்து 2004-இல் வந்த பச்சின்கோ பொறியைப் பார்க்கலாம். திரையில் மூன்று எண்கள் சுழல்கின்றன. இரண்டு ஒன்றுபோல் நின்றுவிட்டால் 'ரீச்'; மூன்றாவது எண் நிற்பதற்குள் ராட்சத இயந்திர மனிதன் எதிரியோடு மோதத் தொடங்குகிறான். இத்தகைய பொறிகளில் பொதுவாக எழுத்தும் விளக்கும் நீலமாக வந்தால் நம்பிக்கை குறைவு, பச்சை சற்று மேல், சிவப்பு அதற்கும் மேல், தங்க நிறம் என்றால் ஆடுபவர் நிமிர்ந்து உட்காருவார். பழகியவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். சில்லு முன்பே தீர்த்துவிட்ட ஒன்றுக்காக, விளைவு இன்னும் கையில் இருப்பதுபோல் நெஞ்சு படபடக்கிறது. வெறும் எண் சுழன்றால் இந்தப் படபடப்பு வராது. சிறு வயதில் பார்த்த நாயகன் தரையில் விழுந்து கிடக்கும்போது, 'எழுந்திரு' என்று மனம் தானாகவே கெஞ்சும். அனிமேயின் பலம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கதைகளை 80களிலும் 90களிலும் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது சம்பாதிக்கும் வயதினர் என்பதும் உற்பத்தியாளர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று உருளைகளைப் பொத்தான் அழுத்தி நிறுத்தும் பச்சிஸ்லாட்டிலும் இதே வழிதான். சாம்மி நிறுவனம் அதே பெயர் கொண்ட அனிமேயை வைத்து 2003-இல் இறக்கிய 'ஹோகுதோ நோ கென்' ஏறக்குறைய 6,20,000 பொறிகள் விற்றது. மறு ஆண்டே சாம்மி, வீடியோ கேம் நிறுவனமான சேகாவோடு இணைந்தது. கோனாமி நிறுவனம் தன் 'மெட்டல் கியர் சாலிட் 3' வீடியோ விளையாட்டை 2016-இல் பச்சிஸ்லாட்டாக அறிவித்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் காட்சிகளைப் புது மெருகோடு முழு விளையாட்டாக ஆட வேண்டும் என்று ஏங்கியவர்களின் கோபம் அது; நியாயமான கோபம்.

பணம் வைத்து ஆடும் சூதாட்டத்தை ஜப்பானியக் குற்றவியல் சட்டம் தடுக்கிறது. அதனால் கூடம் ரொக்கம் தருவதில்லை. வென்ற குண்டுகளுக்கு ஈடாகத் தங்கத் துணுக்கு பதித்த சிறு வில்லை போன்ற பரிசு கிடைக்கும். அருகிலுள்ள வேறொரு சாளரம் அதைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். பழக்கம் முற்றிக் கடனில் விழுந்தவர்கள் பலர். அதனால் 2018-இல் ஒரு வெற்றியில் கிடைக்கும் குண்டுகளின் எண்ணிக்கையை விதிகள் குறைத்தன. 2023 முதல் வரும் ஒரு வகைப் புதிய பச்சின்கோ பொறிகளில் குண்டு ஆடுபவர் கைக்கே வருவதில்லை. கண்ணாடிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுகிறது, கணக்கு மட்டும் அட்டையில் ஏறுகிறது.