அரை நாள் மாவ்ஷிக்கு என்னென்ன தருவது?

(நமது மகளிர் பிரிவின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தையைப் பார்த்துக்கொள்ள அரை நாள் வரும் மாவ்ஷிக்கு, சம்பளத்தைத் தவிர வேறு என்ன கொடுப்பது? இதுதான் இன்றைய விஷயம். முன்பெல்லாம் இந்தக் கேள்வியே மும்பையில் நமக்கு எழவில்லை. பாட்டி ஒருத்தி ஊரிலிருந்து ரயிலேறி வந்துவிடுவாள். இப்போது பாட்டிகள் நியூ ஜெர்ஸியில் இன்னொரு பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வங்கியில் பல வருஷம் லீவு, போனஸ், கிராஜுவிட்டி என்று ஃபைல் பார்த்தவள் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

"பார்ட் டைம்தானே, இதற்கெல்லாம் லீவு, போனஸா?" என்று கேட்பவர்கள் உண்டு. அரை நாள் என்பது நம் கணக்கு. மதியம் ஒரு மணி முதல் ஆறு வரை நம் வீடு; காலையில் வேறு இரண்டு வீடுகளில் சமையலோ பாத்திரமோ. அவருக்கு அது முழு நாள் வேலை. மூன்று வீட்டாரும் பார்ட் டைம் என்று கையை விரித்தால், காலை ஏழு மணிக்குக் கிளம்பிய அந்த அம்மாளுக்கு வருஷத்தில் ஒரு நாள்கூட சம்பளத்தோடு விடுப்பு கிடையாது.

ஆகவே முதலில் லீவு. 'காடா' என்ற மராட்டிச் சொல் நம் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் இருக்கிறது. வராத நாளுக்கு ஒரு சுழி, மாதக் கடைசியில் பிடித்தம். பாத்திரம் தேய்ப்பவர் விஷயத்திலேயே இது எனக்குச் சம்மதமில்லை. குழந்தை விஷயத்தில் இது ஆபத்து. மாதம் 12,000 ரூபாய், 26 நாள் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 460 ரூபாய். 460 ரூபாய் போய்விடுமே என்று ஜுரத்தை மறைத்துக்கொண்டு வந்து, எட்டு மாதக் குழந்தையை மடியில் போட்டுத் தூங்க வைப்பார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? உண்மையைச் சொன்னால் அபராதம் என்று விதித்தது நாம்தானே. மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு, எடுக்காதது அடுத்த மாதத்துக்குச் சேரும், காய்ச்சல் இருமல் என்றால் காலையிலேயே ஃபோன் செய்ய வேண்டும் — இது போதும். கணபதிக்குக் கொங்கணம் போகும் ஐந்து நாளை இதில் கழிக்காதீர்கள். அது அவருக்கு நம் தீபாவளி மாதிரி.

அடுத்து, நாம் ஊருக்குப் போகும் நாட்கள். மனஸ்தாபம் அதிகம் வருவது இதில்தான். கல்யாணம், பூணூல் என்று மேயில் பதினைந்து நாள் சென்னை, கும்பகோணம் போகிறோம். மாவ்ஷி வரத் தயாராக இருக்கிறார், வீடுதான் பூட்டியிருக்கிறது. அந்தச் சம்பளத்தை வெட்டினால் அவர் வேறு வீடு பார்த்துக்கொள்வார். திரும்பி வந்து புதிய முகத்திடம் குழந்தை ஒரு மாதம் அழும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வராத மாதங்களுக்கும் சம்பளத்தை அனுப்பியவர்கள் நம்மிலேயே உண்டு, நிறுத்தியவர்களும் உண்டு. மழையும் இதே கணக்குத்தான். 2005 ஜூலை 26 போல லோக்கல் நின்றுபோனால் அது காடா ஆகாது.

தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது இந்த ஊர் வழக்கம். அதைப்பற்றி அதிகம் பேச வேண்டாம். ஆறு மாதம்தான் ஆகிறதென்றால் பாதி கொடுங்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் ஸ்தாபனங்களை மனதில் வைத்து எழுதியவை. ஒரு பெண்மணி வந்து போகும் வீட்டை அவை தொடாது. ஆனால் கணக்கு முறையைக் கடன் வாங்க யார் தடுத்தார்கள்? கிராஜுவிட்டி சூத்திரம் என்ன? மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, வருஷத்துக்கு 15 நாள். 12,000 ரூபாய்க்கு அது 6,923 வரும், மாதத்துக்கு 577. அறுநூறு என்று வைத்துக்கொண்டு அவர் பெயரிலேயே போஸ்டாபீஸில் ஐந்து வருஷ ஆர்.டி. போட்டுவிடலாம். பாஸ் புத்தகம் அவரிடமே இருக்கட்டும். "விட்டுப் போனால் கிடையாது" என்று நம் பீரோவில் பூட்டி வைத்தால் அதற்குப் பெயர் ஜாமீன்.

இன்ஷூரன்ஸுக்குப் பணம் அதிகமில்லை, ஞாபகம்தான் வேண்டும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 70 வயது வரை. ஜீவன் ஜ்யோதி 436 ரூபாய். எந்தக் காரணத்தால் மரணம் என்றாலும் 2 லட்சம். ஆனால் 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டுக்கும் மே மாதம் அவர் கணக்கிலிருந்து பணம் எடுப்பார்கள். அந்த மாதம் 456 ரூபாயைச் சேர்த்துப் போடுங்கள். 59 வயது வரை உள்ளவர்கள் இ-ஷ்ரம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். மகாராஷ்டிரத்தில் வீட்டுப் பணியாளர் நல வாரியத்துக்கென்று 2008-லேயே சட்டம் வந்தது. அதிலும் பதியச் சொல்லுங்கள். ஃபாரம் நிரப்ப நம் வீட்டுப் பிள்ளைகள் உதவட்டும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. அது வரும்போது வரட்டும்.

இனி, கொஞ்சம் சங்கடமான ஒன்று. ஐந்து மணி நேரம் இருப்பவர் டிபன் எங்கே சாப்பிடுவார்? எந்த பாத்ரூம்? அவருடைய டப்பாவில் மீன் இருந்தால்? வீட்டுக்குள் மாமிசம் வேண்டாம் என்று முதல் நாளே மரியாதையாகச் சொல்லலாம். சொன்னால் நம் சாப்பாட்டில் ஒரு பங்கு கொடுப்பது நம் பொறுப்பு. மிஞ்சிய நேற்றைய சாம்பார் அதில் சேராது. ஆனால் தனி டம்ளரை என்னால் ஏற்க முடியவில்லை. நம் குழந்தைக்கு அதே கையால்தான் பருப்பு சாதம் பிசைந்து ஊட்டுகிறார். மடி பார்க்கும் மாமிகள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இவ்வளவையும் ஒரே தாளில், மராட்டியிலோ ஹிந்தியிலோ, வேலைக்கு வரும் முதல் நாளே எழுதிவிடுங்கள்: நேரம், சம்பளம், லீவு, நாம் ஊருக்குப் போனால் என்ன, ஆறு மணிக்கு மேல் ஆனால் மணிக்கு எவ்வளவு, விலகுவதானால் இரு தரப்பிலும் ஒரு மாத நோட்டீஸ். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் அவர் பெண்ணோ பிள்ளையோ படித்துச் சொல்லட்டும். எல்லாம் கொடுக்க முடியாத குடும்பங்கள் இங்கே உண்டு என்பது எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் கட்டுபவர்களுக்கு மாதம் அறுநூறும் கஷ்டம்தான். அப்படியானால் ஆர்.டி.யை விட்டுவிடுங்கள், லீவை விடாதீர்கள்.

மாதிரித் தாள் ஒன்று மராட்டியில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டுபவர்கள் காபிக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.