புதிய தளத்தில் கூச்சம் வேண்டாம்



கிள்ளானில் இருபது ஆண்டுகள் கார் ஓட்டிய ஒருவர், முதன்முறையாகப் பிரிக்பீல்ட்ஸ் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுவதில் அவருக்குக் குறை இல்லை. எந்தச் சாலை ஒருவழிப் பாதை என்பதுதான் தெரியாது. தவறாக நுழைந்துவிட்டால் காரை நிறுத்தலாம், பின்னுக்கு எடுக்கலாம், கடைக்காரரிடம் வழி கேட்கலாம். வான்குடையில் இறங்குபவருக்கு இந்த மூன்றும் இல்லை. கேட்க வேண்டியதை எல்லாம் விமானம் ஏறும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

விடுமுறைக்குத் தாய்லாந்து, ஆஸ்திரேலியா, துபாய் என்று போகும் இளைஞர்களில் சிலர் வானிலிருந்து குதித்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலோர் பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்டு ஒருமுறை குதிப்பதோடு சரி. ஒரு சிலர் முறையாகக் கற்று உரிமம் பெறுகிறார்கள். அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் 'ஏ' உரிமத்துக்குக் குறைந்தது 25 முறை குதித்திருக்க வேண்டும். கற்கும் காலத்தில், தரையில் காற்று மணிக்கு 14 மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மாணவரை விடமாட்டார்கள். உரிமம் கைக்கு வந்ததும் அந்தத் தடை விலகிவிடுகிறது. குதிப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யலாம். அனுபவமோ அதே 25 குதிப்புதான்!

வான்குடை விரியாமல் போவதே பெரிய ஆபத்து என்று நினைக்கிறோம். ஆனால், நன்றாக விரிந்த வான்குடையோடு தரையிறங்கும்போது அடிபடுகிறவர்கள் பலர். பொதுவாக 1,000 அடியில் காற்றோடு பறந்து, 600 அடியில் குறுக்காகத் திரும்பி, 300 அடியில் காற்றை எதிர்நோக்கி இறங்க வேண்டும். இடப்பக்கம் திரும்புவதா, வலப்பக்கமா என்பது தளத்துக்குத் தளம் மாறும். அதை அறியாதவர், ஒருவழிப் பாதையில் எதிரே வருகிற கார் போன்றவர். கடல் மட்டத்தில் கற்றவர் மலைப்பாங்கான தளத்துக்குப் போனால், அங்கே காற்று அடர்த்தி குறைவு. அதே வான்குடை இன்னும் வேகமாகத் தரைக்கு வரும். மின்கம்பி, நீர்நிலை, மரம் எல்லாமே புதிய இடத்தில் இருக்கும்.

இரண்டு இந்தியப் பெண்மணிகளைப் பாருங்கள். ரேச்சல் தாமஸ் 1979இல் முதன்முறையாகக் குதித்தார். 23 ஆண்டுகள் கழித்து, 2002இல் வட துருவத்தில் குதித்தார். சீதல் மகாஜனோ 2004 ஏப்ரலில் தம் வாழ்வின் முதல் குதிப்பையே வட துருவத்தில் நிகழ்த்தினார். வியக்கத்தக்க துணிவு! ஆனாலும் அது அரிய விதிவிலக்கு. பனிவெளியில் மின்கம்பியும் மாடிக் கட்டடமும் இல்லை என்பதையும் நினைக்க வேண்டும். கே.எல். கோபுரத்திலிருந்து குதிப்பவர்களைக் கண்டு ஆசைப்படுவோரும் ஒன்றை அறிய வேண்டும். 421 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து குதிப்பது வேறு கலை. பல ஆண்டுகள் பழகியவர்களுக்கு உரியது.

அப்படியானால், புதிய தளத்தில் காலடி வைப்பவர் என்ன செய்ய வேண்டும்? "நான் புதியவன், இத்தனை முறைதான் குதித்திருக்கிறேன்" என்று முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குதிப்புப் பதிவேட்டைக் காட்ட வேண்டும். தளத்தின் வான்படத்தைப் பார்த்து, தளத்தை எட்ட முடியாமல் போனால் எங்கே இறங்குவது என்று கேட்க வேண்டும். மற்றவர்கள் இறங்குவதைச் சற்று நேரம் தரையில் நின்று கவனிக்க வேண்டும். காற்று ஏறினால் அன்று குதிக்காமல் திரும்ப வேண்டும். பிற்பகலில் திடீரென்று இடிமழை கொட்டும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு வானத்தின் மனமாற்றத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காசு கட்டிவிட்டோமே, நண்பர்கள் சிரிப்பார்களே என்ற தயக்கம்தான் தடையாக நிற்கிறது. கட்டிய காசை மீண்டும் சம்பாதித்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களே, குதித்துவிட்டு வரும் பிள்ளையிடம் "எவ்வளவு உயரம்?" என்று கேட்கிறீர்கள். அடுத்த முறை அது புறப்படும் முன், "அங்கே யாரிடம் விசாரித்தாய்?" என்று கேளுங்கள்.