முரசில் இரத்தம் வராவிட்டால்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைத்தல் என்றதும் நெஞ்சும் இருதயமும்தான் நினைவுக்கு வரும். புகை முதலில் படுகிற வாயைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

வடமராட்சிக்குப் புகையிலை புதிதல்ல. யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. தோட்டத்துக் காசில் படித்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறோம். சுருட்டுப் பிடித்த அப்புமாரையும், வெற்றிலையோடு புகையிலை போட்ட ஆச்சிமாரையும் கண்டு வளர்ந்தோம். வயது போனால் பல்லு விழும்தானே என்பார்கள். வயது மட்டும் பல்லை விழுத்துவதில்லை.

பல்லைத் தாங்கி நிற்பது தாடையெலும்பு. பல்லோரத்தில் படியும் அழுக்கில் கிருமி பெருகினால் முரசு வீங்கும், பல் துலக்கும்போது இரத்தம் வரும். நாங்கள் பயந்துபோய் வைத்தியரிடம் காட்டுவோம். புகைப்பவருக்கு இந்த எச்சரிக்கை பெரும்பாலும் கிடைப்பதில்லை. புகை முரசின் சிறு இரத்தக் குழாய்களைப் பாதிப்பதால் இரத்தக் கசிவு குறைந்துவிடும். முரசு நல்லாயிருப்பதுபோலத் தெரியும். உள்ளே கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வலுவிழக்க, எலும்பு கரைந்துகொண்டே போகும். கரைந்த எலும்பு தானாக வளராது.

எங்கள் நாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே பல் வைத்திய அறிஞரின் குழு, மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 ஆண்களைப் பார்க்கத் தொடங்கி 15 ஆண்டுகள் தொடர்ந்தது. பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள். ஆனாலும் 8 வீதமானோருக்கே நோய் வேகமாக முற்றியது. 11 வீதமானோருக்கு முரசு வீக்கத்துக்கு அப்பால் போகவேயில்லை. ஒரே அழுக்கு, வேறு வேறு முடிவு. உடம்பின் எதிர்ப்புக்கும் இதில் பெரிய பங்குண்டு. புகை கெடுப்பது அந்த எதிர்ப்பைத்தான். 2000இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், புகைப்போருக்கு இந்நோய் இருக்கும் வாய்ப்பு ஒருபோதும் புகைக்காதோரைவிட ஏறத்தாழ 4 மடங்கு. விட்டு 11 ஆண்டானவர்களில் அந்த வித்தியாசம் அநேகமாக மறைந்திருந்தது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் தோழிகளுக்கு ஒன்று. பெருந்தொகை கொடுத்து எலும்பில் பொருத்தும் இம்பிளாண்ட் பல்லும் புகைப்பவரிடம் கூடுதலாகத் தோற்றுப்போகிறது.

ஆகவே வீட்டில் புகைக்கிறவரிடம் "முரசில் இரத்தம் வருகுதோ?" என்று மட்டும் கேட்டால் போதாது. பல் நீண்டதுபோலத் தெரிகிறதா, இடைவெளி விழுகிறதா, வாய் மணக்கிறதா, கடிக்கையில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஊரில் இருப்போர் மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காசு கட்டத் தேவையில்லை.

இன்னொன்று. புகையை விட்ட சில வாரங்களில் முரசில் இரத்தம் கூடுதலாகக் கசியலாம். "விட்டபிறகுதான் வருத்தம் வந்தது" என்று அவர் மறுபடி பத்தப் பார்ப்பார். விடாதீர்கள். மறைந்திருந்த நோய்தான் இப்போது வெளியே தெரிகிறது; வைத்தியரிடம் போகவேண்டிய நேரம் அதுதான்.