உயர்ந்த எண்ணுடைய பெட்ரோல்



எங்கள் பெரியபட்டினத்தில் இளைஞர் பலர் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கின்றனர். கல்லூரிக்குச் செல்வோரும் உளர். விடியலில் கரைக்குச் சென்று மீன் வாங்கி இராமநாதபுரத்திற்குக் கொண்டுபோய் விற்போரும் உளர். "ஐயா, விலை கூடிய பெட்ரோல் போட்டால் வண்டி அதிகத் தூரம் ஓடுமா? என்ஜின் நெடுநாள் உழைக்குமா?" என்று அவர்கள் வினவுவதுண்டு. அன்றாடம் ஈட்டும் காசு இதில் கரைகின்றதாதலின், சற்று விளங்க உரைக்கின்றேன்.

என்ஜினின் உருளைக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து புகுகின்றன. பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை அமுக்குகின்றது. அமுக்கப்பட்ட வாயு சூடேறும் என்பதைச் சைக்கிள் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர் அறிவர். பின்னர் ஸ்பார்க் பிளக்கின் பொறி தீ மூட்ட, அத்தீ ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளவேண்டும். தீ வந்து சேருமுன்னரே மூலையில் எஞ்சிய கலவை தானாக வெடித்துவிடின், என்ஜின் 'டொக் டொக்' என்று தட்டும். இது நீடித்தால் பிஸ்டனே பழுதுறும். அங்ஙனம் தானே பற்றிக்கொள்ளாது பொறுத்திருக்கும் தன்மையை அளப்பதே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேனுக்கு 100 எனவும், எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0 எனவும் வைத்து அளக்கின்றனர்.

எண் உயர்ந்தால் ஆற்றலும் உயரும் என்று எண்ணிவிடாதீர்கள். எத்தனாலின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும். எனினும் ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், பெட்ரோல் தருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே! இப்பொழுது எத்தனால் கலந்து வருவதால் சாதாரணப் பெட்ரோலின் எண்ணும் முன்னைவிட உயர்ந்தே இருக்கின்றது.

இவ்வெண்ணை உயர்த்த மனிதர் செய்த முயற்சிகளில் ஒன்று பெருந்தீங்காய் முடிந்தது. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பார் ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்து தட்டலை அடக்கினார். பல்லாண்டுகள் வண்டிப் புகையோடு ஈயமும் காற்றிற் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில்தான் நின்றது.

2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் ஆக்டேன் எண் 100 உடைய பெட்ரோலை வெளியிட்டபோது, தில்லியில் அதன் விலை லிட்டர் 160 ரூபாய். சாதாரணப் பெட்ரோலின் விலையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. பன்னிரண்டு மடங்கிற்கு மேல் அமுக்கும் பந்தய வகை என்ஜினுக்கு அத்தகைய எண்ணெய் பயன் தரும். ஒன்பது, பத்து மடங்கே அமுக்கும் சாதாரண வண்டிக்கு அது வீண். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கத்தார் 2016-இல் சாதாரணப் பெட்ரோலுக்கென்றே அமைந்த கார்களில் இரண்டு வகையையும் இட்டுச் சோதித்தனர். வலிமையிலோ ஓடும் தூரத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

உங்கள் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். அதில் 95 என்றிருந்தால் 95 இடுங்கள். பழைய வண்டி தட்டினால், கரி படிந்திருக்கின்றதா, என்ஜின் மிகையாகச் சூடாகின்றதா என்று மெக்கானிக்கிடம் முதலில் காட்டுங்கள்.

பாம்பனிலும் இராமேசுவரத்திலும் நிற்கும் விசைப்படகுகளின் கதை இதற்கு நேர்மாறு. டீசல் என்ஜினில் தீ மூட்டும் பொறி இல்லை. அமுக்கிய காற்றின் சூட்டிலேயே டீசல் விரைந்து பற்றவேண்டும். அவ்விரைவை அளப்பது சீட்டேன் எண். ஆகவே தந்தையின் படகிற்கு எளிதில் பற்றும் எண்ணெய் வேண்டும். மகனின் மோட்டார் சைக்கிளுக்கோ எளிதிற் பற்றாத எண்ணெய் வேண்டும்.