பேரும் காம்பராவும் போகாமல் பார்ப்போம்

(புளத்கொகுபிட்டியவில் தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று சிறையிலிருந்து திரும்பி வருகிற நம்மவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சில நாட்களாகத் தூங்கி வழிந்தாள். ஏன் என்று கேட்டேன். "அப்பா வந்துட்டாரு டீச்சர். கோயில்லதான் படுக்குறாரு. சோறு குடுத்துட்டு வர ராவாயிருது" என்றாள்.

அந்த மனிதர் பால் வெட்டுகிறவர். கசிப்பு வழக்கில் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர். சில மாதத்தில் வெளியே வந்தார். அதற்குள் செக்ரோலில் அவர் பேர் இல்லை. காம்பராவில் வேறு குடும்பம். மனைவியும் பிள்ளையும் பாட்டியின் காம்பராவில் ஆறாவது, ஏழாவது ஆளாக ஒதுங்கியிருந்தார்கள். நீதிமன்றம் கொடுத்த தண்டனை முடிந்தது. நாம் கொடுத்த தண்டனை அன்றுதான் தொடங்கியது.

டவுனில் இருக்கிறவர் வாடகைக்கு ஓர் அறை தேடலாம். நமக்கு அது இல்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசாங்கத்துடையது, நாம் இருக்கும் காம்பராவுக்கு நம்மிடம் உறுதி கிடையாது. வேலையோடு ஒட்டியதுதான் வீடு. பேர் போனால் கூரையும் ஆட்டம் காணும். 2016 மே மாதம் களுபஹனவில் மண் சரிந்ததைக் கண்ட நமக்கு, வீடில்லாமல் நிற்பது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஜெயிலுக்குப் போனவன்" என்று ஒதுக்குமுன் நம் பூட்டன்மாரை நினைப்போம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டப்படி, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் அடைக்கலாம். துரை கொடுக்கும் துண்டு இல்லாவிட்டால் அடுத்த தோட்டத்தில் வேலை இல்லை. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. இன்று வெளியே வருகிறவர் துண்டில்லாத அந்தக் கூலியைப் போலத்தான் நிற்கிறார்.

கமிட்டி என்ன செய்யலாம்? அவர் வெளியே வரும் நாள்வரை காத்திருக்கக் கூடாது. உள்ளே போன நாளிலேயே தொடங்க வேண்டும்.

முதலாவது, உள்ளே போகாமல் பார்ப்பது. தண்டப்பணத்தைத் தவணையில் கட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை கொடுக்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்தரணி வைக்கக் காசில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வழக்குச் சிங்களத்தில் நடந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்பது நம் உரிமை. புரியாமல் தலையாட்டிவிட்டு உள்ளே போகாதீர்கள்.

இரண்டாவது, அவர் உள்ளே இருக்கிறார் என்பதைத் தலைவர் அதே வாரம் துரைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்று பேரை வெட்ட இடம் கொடுக்கக் கூடாது. குடும்பம் காம்பராவில் தொடர்ந்து இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஒரு பிரதி சங்கக் காரியாலயத்துக்கு வரட்டும்.

மூன்றாவது, யாராவது போய்ப் பார்க்க வேண்டும். சிறைச்சாலையில் நலன்புரி அதிகாரி இருக்கிறார். விடுதலை நாளையும், போக இடம் இருக்கிறதா என்பதையும் அவரோடு பேசுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால், தோட்டத்தில் உறுதிப்படுத்தும் கையெழுத்தையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் எடுக்கக் கூடவே போங்கள். அட்டை இல்லாமல் வேலையும் இல்லை, பேங்கு கணக்கும் இல்லை.

நான்காவது, வந்த மறுநாளே தலைவர் அவரைப் பெரட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். தனியாகப் போனால் "பிறகு பார்ப்போம்" என்பார்கள். நாலு பேர் சேர்ந்து போனால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு தலைவி என்னிடம் கேட்டார்: "டீச்சர், பொண்டாட்டியை அடிச்சு உள்ள போனவனையுமா கூட்டிவரச் சொல்றீங்க?" நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவரை அந்தப் பெண்ணின் காம்பராவுக்குள் திருப்பி அனுப்ப நாம் யார்? அவளுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்க உரிமை உண்டு. காம்பரா அவளுக்கும் பிள்ளைகளுக்கும். அவருக்கு இடம் வேறு லயத்தில் தேடுவோம். சமாதானம் பேசுகிறோம் என்று அவளை வற்புறுத்த வேண்டாம். ஆனால் இடமும் வேலையும் இல்லாமல் அவரை ரோட்டில் விட்டால், போதையில் திரும்பி வந்து தட்டப்போவது அவள் கதவைத்தான். ஆகவே அவருக்கு இடம் தேடுவது அவளுக்கும் பாதுகாப்பு.

அந்தப் பிள்ளையின் அப்பா இப்போது கொந்தரப்பு வேலை செய்கிறார். காம்பரா இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் கடிதத்தை நாம் ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

இன்று வீடு திரும்பியதும் ஒவ்வொரு தலைவரும் ஒன்று செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் யார் உள்ளே இருக்கிறார், அவர் குடும்பம் எந்தக் காம்பராவில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாருங்கள்.