பொறுப்பு யாருடையது?

(மயிலிட்டிக் கடற்றொழிலாளர் மத்தியில் எமது சங்கப் பிரதிநிதி ஆற்றிய உரை)



1990இல் இடம்பெயர்ந்த நீங்கள் 2017 ஜூலையில்தான் உங்கள் துறைமுகத்தை மீளக் கண்டீர்கள். இன்று துறைமுகம் கூட்டுத்தாபனத்திடம். உள்ளூர் வீதியும் குப்பையும் வலிகாமம் வடக்குப் பிரதேச சபையிடம். காணி அலுவல் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்திடம். ஓர் ஊரின் அலுவலுக்கு மூன்று படலை தட்ட வேண்டும்.

மலையகத்திலும் இதே கதைதான். தோட்டக் காணி அரசுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனியுடையது. பாதை உடைந்தால் சபை கம்பனியைக் காட்டும், கம்பனி சபையைக் காட்டும். பிரசவ வலியோடு தோட்ட லொறியில் குலுங்கிப் போவது எங்கள் பெண்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்தில் செலவிடத் தடையாக இருந்தது. வாக்களித்தோம்; சேவை வரவில்லை. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் சட்டம் தானாக வந்து பாதை போடாது.

அரச நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்யட்டும். ஒரு சபையின் பெக்கோ இயந்திரத்தை அடுத்த சபையும் பயன்படுத்தட்டும். ஆனால் சிக்கனம் என்று சொல்லிச் சுகாதாரத் தொழிலாளியின் வேலையில் கை வைக்க விடமாட்டோம். கூட்டுப் பொறுப்பு என்பது எவருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடவும் கூடாது.

நாம் கேட்பது மூன்று. எந்த வேலை எவருடையது, எத்திகதிக்குள் முடியும் என்பது எழுத்தில் வேண்டும். செலவுக் கணக்கு அறிவித்தல் பலகையில் வேண்டும். முடிவெடுக்கும் மேசையில் கடற்றொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் கதிரை வேண்டும்.

கடலும் மலையும் ஒரே குரலில் கேட்போம்.