கடைப் பையனும் பெரியவரும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டு விழா மேடையில் சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசுவதுதான் நம் சங்கத்தின் வழக்கம். அவற்றைப் பேச என்னினும் கற்றவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்த எனக்கு அந்தத் துணிவு இல்லை. ஆகையால் நம் வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிட நடையில் நாள்தோறும் நிகழ்ந்துவரும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டினேன். செயலாளர் சிறிது தயங்கினார், பிறகு இசைந்தார். கடைகளில் வேலை செய்கிறவர்களை அவர்கள் வேலையைக் கொண்டு அளக்காமல் வயதைக் கொண்டு அளக்கிறோமே, அதுவே என் பொருள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறுகிறேன். அஜ்மல்கான் சாலையில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், 'பையா, அதை எடுத்துக் காட்டுங்கள்' என்று இந்தியில் ஒரு குரல் கேட்கும். இந்தியில் அது அண்ணனைக் குறிக்கும் சொல். ஊரிலிருந்து முதன்முறையாக இங்கு வந்த என் தாயார் அதைக் கேட்டுத் திகைத்துப் போனார். "நரைத்த தலையரைப் பையா என்று கூப்பிடுகிறாளே இந்தச் சின்னப் பெண், இது என்னடா மரியாதை?" என்றார். நான் பொருளை விளக்கிச் சொன்னேன். ஆனால் பின்னர் யோசித்துப் பார்த்தபோது, என் தாயார் கொண்ட பொருளும் முழுத் தவறன்று என்று தோன்றியது. நம் நாட்டில், சென்னைத் தியாகராய நகரிலாகட்டும் மதுரையிலாகட்டும், துணி எடுத்துப் போடுகிறவருக்கு நாற்பது வயதானாலும் அவர் 'கடைப் பையன்'தான். பிறகு தலை நரைத்த ஒரு நாளில் அவரே 'பெரியவர்' ஆகிவிடுகிறார். 'பெரியவரால் முடியாது, நீ போய் எடு' என்று வேறொரு பையனை ஏவுவார்கள். பையனுக்கும் பெரியவருக்கும் நடுவில், அந்த மனிதர் முழு ஆளாக மதிக்கப்பட்ட காலம் எது என்று தேடினால் அகப்படுவதில்லை.

இனி, சென்ற ஆண்டு தீபாவளி கழிந்ததும் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். நம் காலனியில் வசிப்பவர் ஒருவர், வயது 54. இங்குள்ள ஒரு ஜவுளிக்கடையில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தவர். முந்தியை விரலால் தடவிப் பார்த்தே பட்டா, கலப்பா என்று சொல்லிவிடுவார். எந்த வீட்டில் எப்போது கல்யாணம், அந்த வீட்டம்மாளுக்கு எந்த அகலக் கரை பிடிக்கும் என்பதெல்லாம் அவர் மனத்தில் பேரேடு போல எழுதியிருக்கும். பண்டிகைக் கூட்டம் தீர்ந்த மறுவாரம், 'இனி ஓய்வெடுத்துக் கொள்ளுங்கள்' என்று முதலாளி சொல்லிவிட்டார். ஓய்வு என்னும் சொல் இவ்வளவு கொடியதாக ஒலிக்கும் என்று நான் அறிந்ததில்லை. அவருடைய மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

அதே வாரத்தில், அதே கடைக்கு, நம் காலனியைச் சேர்ந்த இன்னொரு வீட்டுப் பிள்ளை வேலை கேட்டுப் போனான். வயது 22, பி.காம். தேறியவன். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் மூன்று மாதம் நிற்கமாட்டார்கள். கையில் கைப்பேசி, காலில் சக்கரம்' என்று அவனையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெரியவருக்குத் துணையாக நானும் ஒரு நாள் அந்த முதலாளியைக் கண்டு பேசினேன். அவர் கெட்டவர் அல்லர். தேநீர் வரவழைத்துக் கொடுத்து, மனம் விட்டே பேசினார். வாடகை ஏறிவிட்டது, சரக்கு சேவை வரி 2017இல் வந்தது முதல் ஒவ்வொரு பில்லும் கணிப்பொறியில் ஏற வேண்டியிருக்கிறது, வாடிக்கைக்காரர்கள் கடைக்கு வந்து பார்த்துவிட்டுக் கைப்பேசியில் வாங்கிக் கொள்கிறார்கள் என்றார். அனைத்தும் உண்மையே. 54 வயதுக்காரருக்குக் கை ஓடவில்லை, 22 வயதுக்காரனுக்குக் கால் நிற்கவில்லை என்றும் சொன்னார். 'அப்படியானால் எந்த வயதுதான் சரியான வயது?' என்று கேட்டேன். முப்பது, முப்பத்திரண்டு என்றார். பஞ்சாங்கத்தில் முகூர்த்தம் பார்ப்பது போல, மனிதனுக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் சுபதினம் போலும்! கடைசியில் ஒரு மெய்யும் அவர் வாயிலிருந்து வந்தது. பெரியவருடைய சம்பளத்துக்கும் புதிதாக வருகிறவருடைய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் கடை வாடகையில் ஒரு பகுதிக்கு ஈடாகும் என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையும் காலும் கண்ணும் பிற்பாடு தேடிக்கொண்ட காரணங்கள்.

ஆயினும் அந்தக் காரணங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்ப்பது நல்லது. ஏனெனில் நாமும் அவற்றை நம்புகிறோம்.

வயதானவர் சுறுசுறுப்பில்லாதவர் என்பது முதல் குற்றச்சாட்டு. காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது வரை 28 ஆண்டுகள் நின்றுகொண்டே இருந்த கால்கள் எப்படியிருக்கும்? 1954ஆம் ஆண்டின் தில்லிக் கடைகள், நிறுவனங்கள் சட்டம், வேலை நேரம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. பண்டிகை மாதத்தில் அந்த வரம்பை நம் கண்ணால் கண்டவர் எவரேனும் உண்டோ? நேரம் ஒரு புறம் இருக்க, உட்காருவதற்கு ஒரு முக்காலி வேண்டாமா? கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்னும் கடைவீதியில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது, ஒதுங்கக் கழிப்பறை கிடையாது என்றிருந்த நிலையை எதிர்த்து, தையல் தொழில் செய்த விஜி என்னும் அம்மையார் பெண்களைத் திரட்டிப் போராடினார். அதன் பயனாகக் கேரளத்தில் 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல், 1947ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, ஒவ்வொரு கடையிலும் சிப்பந்திகள் அனைவருக்கும் இருக்கை தரவேண்டும் என்று விதிக்கப்பட்டது. சுதந்தரம் பெற்று எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு மனிதன் உட்காரலாம் என்று சட்டம் எழுத வேண்டியிருந்தது! 2010இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' என்னும் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. வயது ஏறியதால் கால் தளர்ந்தது பாதி. நிற்க வைத்ததால் தளர்ந்தது பாதி. முழுவதையும் வயதின் கணக்கில் எழுதுவது நல்ல கணக்காகாது. இதைக் குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன்.

முதியவர்களுக்குக் கணிப்பொறி வராது என்பது இரண்டாவது. இதற்கு எங்கள் இலாகாவே விடை. 1980களின் நடுப்பகுதி வரையில் தில்லியில் முன்பதிவு என்பது தடித்த பேரேட்டில் பெயர் எழுதி இடம் ஒதுக்கும் வேலைதான். பின்னர் கணிப்பொறி வந்தது. ஐம்பதைக் கடந்த குமாஸ்தாக்களை அன்று வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. பயிற்சி கொடுத்தார்கள், முதலில் ஒரு விரலால் தட்டினார்கள், பிறகு பத்து விரலாலும் தட்டினார்கள் என்று அவர்களிடம் வேலை கற்ற மூத்தவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2016க்குப் பிறகு வந்த கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தை நம் தெருவில் தள்ளுவண்டியில் கீரை விற்கும் பாட்டி கற்றுக்கொண்டுவிட்டாள். கட்டம் அச்சடித்த அட்டையைத் தராசுக்கு அருகே தொங்கவிட்டிருக்கிறாள். நம் பெரியவருக்கு அந்தக் கடையில் ஒரு நாளாவது கணிப்பொறியின் முன் உட்கார இடம் கொடுத்தார்களா என்று கேட்டேன். பில் போடுமிடம் முதலாளியின் மைத்துனருடையது. அங்கே வேறெவரும் உட்காருவதில்லையாம்.

இளைஞர் நிலைக்கமாட்டார் என்பது மூன்றாவது. நிலைப்பதற்கு என்ன கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும். நியமனக் கடிதம் இல்லை. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே உரியது. பணிக்கொடை என்னும் உரிமை 10 பேர் உள்ள இடத்தில்தான் எழும். நம் கரோல் பாக்கில் நான்கைந்து பேரை வைத்து நடக்கும் கடைகளே மிகுதி. எனக்கு ஆண்டுதோறும் சம்பள உயர்வு உண்டு; ஆகவே நான் நிலையாக இருக்கிறேன். அதை என் குணத்தின் சிறப்பு என்று எவரும் புகழ்வதில்லை. மத்திய அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 1962இல் 55இலிருந்து 58 ஆயிற்று. 1998இல் 60 ஆயிற்று. எனக்கு வயது ஏறினால் சம்பளமும் ஏறுகிறது. அது அனுபவம் எனப்படுகிறது. கடைச் சிப்பந்திக்கு வயது ஏறினால் அது செலவு எனப்படுகிறது. அந்த 22 வயதுப் பிள்ளை தன் எதிரே 28 ஆண்டுகள் நிலைத்தவருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பார்த்தவன். அவன் மூன்று மாதத்தில் வேறிடம் தேடினால் அது அறிவின்மையா?

வேறு தேசத்தில் நடந்த ஒரு சோதனையையும் கூறுகிறேன். இங்கிலாந்தில் மாக்கிள்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில், வீட்டுப் பழுது பார்க்கும் சாமான்கள் விற்கும் 'பி அண்டு க்யூ' நிறுவனத்தார், 1989இல் 50 வயதைக் கடந்தவர்களை மாத்திரமே கொண்டு ஒரு கடையைத் திறந்தார்கள். 1991இல் வார்விக் பல்கலைக்கழகத்தார் அதே நிறுவனத்தின் வேறு கடைகளோடு அதனை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். லாபம் 18 சதவிகிதம் மிகுதி. வேலைக்கு வராத நாட்கள் 39 சதவிகிதம் குறைவு. களவாலும் சேதத்தாலும் குறையும் சரக்கு 58 சதவிகிதம் குறைவு. வேலையை விட்டுப் போவோர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. குழாய் ஒழுகினால் எந்த வளையம் போடவேண்டும் என்பதைத் தன் வீட்டில் முப்பது வருஷம் போட்டுப் பார்த்தவர் சொல்லும்போது வாங்குகிறவர் நம்புகிறார். இதனால் முதியோரை மாத்திரமே வைக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் வேறொரு முகூர்த்தமாகிவிடும்.

சட்டம் துணை செய்யுமோ என்றால், நம் அரசியலமைப்பின் 15, 16ஆம் பிரிவுகள் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் முதலியவற்றால் அரசு வேற்றுமை பாராட்டலாகாது என்கின்றன. அந்த வரிசையில் வயது இல்லை. அமெரிக்காவில் 1967இல் இயற்றிய சட்டம் 40 வயதுக்கு மேற்பட்டோரைக் காக்கிறது, இளையவரைக் காப்பதில்லை. பிரிட்டனில் 2006இல் வந்த விதிகள் இரு சாராரையும் காத்தன. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது. நம் மத்திய அரசு 2019இல் அமைப்புசாராத் தொழிலாளருக்கென ஓர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். மாதச் சந்தா 18 வயதில் சேர்ந்தால் 55 ரூபாய், 40 வயதில் சேர்ந்தால் 200 ரூபாய். அரசும் அதே அளவு செலுத்தும். 40ஐத் தாண்டியவர் சேர இயலாது. சேமிக்க ஆண்டுகள் வேண்டும் என்பதால் அப்படி வகுத்தார்கள், அது புரிகிறது. ஆனால் நம் பெரியவருக்கு அந்தத் திட்டம் பிறந்தபோதே கதவு சாத்தியிருந்தது.

இவ்வளவும் பேசிய நான் என்னுடைய ஒரு குற்றத்தையும் மறைக்கக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு முன், என் தங்கை திருமணத்துக்குப் புடவை எடுக்க அதே கடைக்குச் சென்றோம். பெரியவர் எங்களைக் கண்டு எழுந்து வந்தார். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதென்ற பதற்றத்தில், 'நீங்கள் இருங்கள் மாமா, அந்தத் தம்பி காட்டட்டும்' என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். முதலாளி கல்லாவில் இருந்தபடி அதைக் கேட்டார். நாங்கள் கண்டு பேசிய அன்று அவர், 'உங்களைப் போன்ற வாடிக்கைக்காரர்களே அவரை வேண்டாம் என்கிறார்களே' என்று சொன்னபோது, எவரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பெரியவருக்கும் தெரிந்திருக்கும். அவர் தம் தேநீரை மெல்லக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு இப்போது வேறொரு சிறு கடையில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் முன்னதில் பாதி. அந்தப் பி.காம். பிள்ளை ஒரு பொருள் விநியோக நிறுவனத்தில் மோட்டார் சைக்கிளில் அலைகிறான்.

ஒரே ஒரு வேண்டுகோள். கரோல் பாக் கடைவீதிக்குத் திங்கட்கிழமை வார விடுமுறை. அன்று மாலை ஆறரை மணிக்கு நம் சங்கத்தின் வாசக அறை காலியாகவே இருக்கிறது. அங்கே பழைய கணிப்பொறி ஒன்றும் கிடக்கிறது. நம் கல்லூரி மாணவர்கள் இருவர் முன்வந்தால், பில் போடும் வேலையைக் கடைச் சிப்பந்திகளுக்குக் கற்பிக்கலாம். பட்டும் பருத்தியும் எப்படிப் பார்ப்பது என்பதை இளைஞர்களுக்குக் கற்பிக்கப் பெரியவர் இசைந்திருக்கிறார். சென்ற வாரம் அவரே வந்து அறையைப் பார்த்துவிட்டு, நாற்காலிகள் போதுமா என்று எண்ணிப் பார்த்துச் சென்றார். பதினொன்று இருக்கின்றன, இரண்டுக்குக் கால் ஆடுகிறது. தச்சுவேலை தெரிந்த அன்பர் எவரேனும் இவ்வவையில் இருந்தால், விழா முடிந்ததும் என்னைக் காணுமாறு கேட்டுக்கொள்கிறேன்.